கிதார்: விலையும் ஒலியும்

தோற்றுவாய்

இசை செவிக்கு உரியது. விலை கைப்பொருளுக்கு உரியது. இவ்விரண்டும் தம்முள் எத்துணைத் தொடர்புடையன என்னும் வினா, இசைக்கருவி வாங்கப் புகுவோர் ஒவ்வொருவர் உள்ளத்தும் எழுவதொன்றாம். பிற கருவிகளினும் கிதாரின்கண் இவ்வினா மிகுதியாக எழுகின்றது. என்னை? ஒரே வடிவும் ஒரே அளவும் ஆறே தந்தியும் உடைய இரு கருவிகளுள் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்கும், மற்றொன்று சில இலட்சம் ரூபாய்க்கும் விற்கப்படுதலைக் காண்கின்றோம். கண்ணுக்கு ஏறத்தாழ ஒத்துத் தோன்றும் இரண்டு செவிக்கு அத்துணை வேறுபடுமோ? வேறுபடுமாயின், அவ்வேறுபாடு விலையின் வேறுபாட்டிற்கு ஈடாகுமோ? இவற்றையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம். மின்விசையின் துணை வேண்டாது தன் மரத்தாலேயே ஒலிக்கும் எஃகுத்தந்திக் கிதாரையே இக்கட்டுரை பெரிதும் கருதுகின்றது.

இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. ஆலயத்திலும் விடுதியிலும் பாடற்குத் துணையாகக் கிதார் இசைக்கப்படுதலை யாவரும் அறிவர். விலைமிக்க கருவி தன்பால் இல்லாமையின் தான் இசைக்குத் தகுதியுடையன் அல்லன் என்று ஒரு மாணவன் ஒதுங்குவானாயின், சபை ஓர் இசைஞனை இழக்கின்றது. அவ்வாறன்றிக் கடன்பட்டேனும் பெரும்பொருள் கொடுத்து வாங்குவானாயின், அவன் குடும்பம் நெடுநாள் வருந்துகின்றது. இருவகை இழப்பிற்கும் காரணம் ஒன்றே. கொடுக்கும் விலை எதன்பொருட்டுக் கொடுக்கப்படுகின்றது என்பதனை அறியாமையே அது.

உறுப்பும் தொழிலும்

விலையை ஆராயுமுன் கருவியின் உறுப்புக்களை அறிதல் வேண்டும். நம் வீணைக்கு வழங்கும் பெயர்களையே இயன்றவரை கிதாருக்கும் ஆள்வோம். ஒலி பெருகும் இடம் குடம். விரல் நடமாடும் நீண்ட உறுப்புத் தண்டி. தண்டியின்மேல் குறுக்கே பதித்த கம்பிகள் மெட்டுக்கள். குடத்தின்மேல் தந்திகளைத் தாங்குவது குதிரை. தண்டியின் தலைப்பக்கத்தில் தந்திகள் கிடக்கும் சிறு பள்ளங்களையுடைய துண்டு மேரு. தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது பிருடை. குடமோ, மேற்பலகை, முதுகுப்பலகை, இவ்விரண்டையும் இணைக்கும் பக்கப்பலகை என மூன்று பகுதிகளால் ஆயது.

தந்தி மிக மெல்லியது. அது தானே அசைத்தற்குரிய காற்று மிகச் சிறிது. சுவரில் அறைந்த இரண்டு ஆணிகளுக்கிடையே ஒரு தந்தியைக் கட்டி மீட்டினால் ஒலி அருகிருப்போர்க்கும் அரிதாகவே கேட்கும். அத்தந்தியின் துடிப்பைக் குதிரை வாங்கி மேற்பலகைக்கு ஊட்டுகின்றது. அகன்ற மேற்பலகை துடித்துக் காற்றைப் பெரிதும் அசைக்கின்றது. அதனால் ஒலி பிறக்கின்றது. குடத்தினுள் அடைபட்ட காற்றும் வாய்வழியே உள்ளும் புறமும் இயங்கி, வெறுங்குடத்தின் வாயில் ஊதுங்கால் எழும் முழக்கம் போன்றதொரு முழக்கத்தைத் தாழ்ந்த சுரங்களுக்குச் சேர்க்கின்றது. கிதாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறையும், மிக மெல்லிய தந்தி 330 முறையும் துடிக்கும். காற்றின் முழக்கம் நொடிக்கு 100 துடிப்பை அடுத்தும், மேற்பலகையின் முதல் முழக்கம் 200 துடிப்பை அடுத்தும் பெரும்பாலும் அமையும். கருவியின் குரலுக்கு அடிப்படை இவ்விரண்டுமேயாம். இவற்றுள் மேற்பலகையே தலைமை உடைத்து என்பது இதனாற் பெறப்படும்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. ஆறு எஃகுத்தந்திகளும் சேர்ந்து குதிரையை இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ, அஃதாவது ஓர் ஆளின் நிறை. அவ்விழுப்பை ஆண்டுக்கணக்காகத் தாங்கும் மேற்பலகையின் கனமோ மூன்று மில்லிமீட்டர் அளவினதே. பலகையைத் தடிப்பாக்கினால் உறுதி மிகும், ஒலி குன்றும். மெல்லியதாக்கினால் ஒலி மிகும்; பலகை வயிறு புடைத்துக் குதிரை பெயரும். இவ்விரண்டிற்கும் இடைவழி காண்பதே கிதார்த் தச்சனது கலை. அதன்பொருட்டே பலகையின் உட்புறத்தில் மெல்லிய சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. ஜெர்மனியிலிருந்து 1833-இல் அமெரிக்கா சென்று பின்னர்ப் பென்சில்வேனியாவின் நாசரேத் என்னும் ஊரில் தொழில் நடத்திய மார்ட்டின் என்பார், அச்சட்டங்களைப் பெருக்கற்குறி வடிவில் அமைக்கும் முறையை 1840-களில் கையாளத் தொடங்கினர். இன்றுள்ள எஃகுத்தந்திக் கிதார்களுள் பெரும்பாலன, விலை உயர்ந்தனவாயினும் தாழ்ந்தனவாயினும், அம்முறையையே தழுவுகின்றன.

விலையின் நான்கு கூறுகள்

இனி, விலைமிக்க கிதார் ஒன்றன் விலையைப் பகுத்து நோக்குவோம். அது மரவிலை, கைவிலை, அணிவிலை, பெயர்விலை என நான்கு கூறுபடும்.

மரவிலையாவது அரிய மரங்களுக்குக் கொடுப்பது. கைவிலையாவது பலகையை அளவறிந்து சீவுதல், சட்டங்களைச் செதுக்குதல், மெட்டுக்களை ஒப்புரவு செய்தல், தந்தியின் உயரத்தைத் திருத்தல் முதலிய தொழிலுக்குக் கொடுப்பது. அணிவிலையாவது சிப்பிப் பதிப்பு, கண்ணாடி போன்ற மெருகு முதலிய அழகுகளுக்குக் கொடுப்பது. பெயர்விலையாவது செய்தோரின் நெடுங்காலப் புகழுக்குக் கொடுப்பது. இவற்றுள் அணியும் பெயரும் ஒலியைப் பிறப்பியா என்பது வெளிப்படை. ஆயினும் அவை குற்றமல்ல. அழகிய பொருளை விரும்புதல் மக்கட்கு இயல்பே. அவற்றை ஒலி எனக் கருதி மயங்குவதே குற்றம். எஞ்சிய மரமும் கையுமே ஆராயற்பாலன.

மரத்தின் சான்று

நல்ல இசைக்கு நல்ல மரம் வேண்டும் என்பது நம் முன்னோரும் அறிந்த உண்மை. சீவக சிந்தாமணியுள் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தன்முன் கொணர்ந்த வீணைகளைச் சீவகன் ஒவ்வொன்றாக நோக்கி, நீரில் நின்று கெட்ட மரம், வாளால் புண்பட்ட மரம், இடியுண்ட மரம் என்று குற்றங் கூறி விலக்குகின்றான். மரத்தின் நோயை அவன் ஆராய்ந்தான். அதன் அருமையை அன்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. நோயற்ற, நன்குலர்ந்த, நேரான இழையுடைய மரம் வேண்டும் என்பது ஒன்று. கிடைத்தற்கரிய மரம் வேண்டும் என்பது மற்றொன்று.

கிதாரின் முதுகிற்கும் பக்கங்கட்கும் பிரேசில் நாட்டு ஈட்டிமரமே மிகச் சிறந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பிரேசில் அரசு அம்மரத்தை வெட்டுமரமாக ஏற்றுமதி செய்தலைத் தடுத்தபின், மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிமரத்திற்கு மாறிற்று. நம் மேற்குத்தொடர் மலையில் வளர்வதும் தோதகத்தி என்று வழங்குவதும் ஆகிய அம்மரமே பிரேசில் மரத்திற்கு மாற்றாகக் கடல்கடந்து சென்றது. 1992-இல் பிரேசில் ஈட்டிமரத்தின் பன்னாட்டு வணிகம் மிகக் கடுமையாக வரையறுக்கப்பட்டது. 2017-இல் ஈட்டிமர இனம் முழுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு மரத்தின் புகழ் அம்மரத்திற்கே கேடாய் முடிந்தது என்பதனை இவ்வரலாறு காட்டுகின்றது.

அப்புகழ் செவிக்கு உண்மையோ? இவ்வினாவிற்கு இரண்டு விடைகள் உள. முதலாவது, ஸ்பெயின் நாட்டு அந்தோணியோ தெ தோரஸ் தந்தது. இன்றைய கிதாரின் வடிவை வகுத்தவருள் தலையாயவர் என்று போற்றப்படும் இவர், 1862-இல் ஒரு கிதாரின் முதுகையும் பக்கங்களையும் மரத்தாற் செய்யாது காகிதக்கூழ் அட்டையாற் செய்தனர்; மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்தனர். ஒலிக்குத் தலைமை மேற்பலகையே என்று மெய்ப்பித்தலே அவர் கருத்து என்பர். அக்கருவி இன்றும் பார்சிலோனா நகரின் இசைக் காட்சிச்சாலையில் உள்ளது.

இரண்டாவது, இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2018-இல் வெளியிட்ட சோதனை. ரோஜர் பக்நால் என்னும் தச்சர் ஆறு கிதார்களைச் செய்து கொடுத்தனர். அளவும் அமைப்பும் மேற்பலகையும் ஆறிற்கும் ஒத்தன. முதுகும் பக்கமும் மட்டும் வேறுபட்டன. பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என்பன அவ்வாறு மரங்கள். 52 கிதார் இசைஞர், இரும்பு பற்றவைப்போர் அணியும் கருங்கண்ணாடி அணிந்து, மங்கிய ஒளியில் அவற்றை மீட்டி மதிப்பிட்டனர். விளைவு யாது? ஆறு கருவிகளும் ஏறத்தாழ ஒத்த மதிப்பே பெற்றன. மிக அரிய மரம் எளிய மரத்தினும் உயர்ந்ததாகச் செவிக்குத் தோன்றவில்லை.

வயலினிலும் இஃது ஒப்பவே நிகழ்ந்தது. 2010-இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில், 21 வயலின் இசைஞர், கண்மறைத்து, மூன்று பழங்கருவிகளையும் மூன்று புதுக்கருவிகளையும் ஒப்பிட்டனர். பழையன ஸ்திராதிவாரி, குவார்னேரி என்னும் இத்தாலியப் பெருந்தச்சர் செய்தன. அவற்றின் விலை புதியவற்றின் விலையைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. எனினும் மிகப் பலர் விரும்பியது புதுக்கருவி ஒன்றனையே. மிகக் குறைந்த விருப்பம் பெற்றது ஒரு ஸ்திராதிவாரி. தாம் விரும்பியது புதிதோ பழைதோ என்பதனையும் பெரும்பாலோர் கூற இயலாதவராயினர்.

ஈசாயின் புதல்வருள் ஒருவனை அரசனாகத் தெரிந்தெடுக்கச் சென்ற சாமுவேல், மூத்தவனது முகத்தையும் உயரத்தையும் கண்டு இவனே அவன் என்று மயங்கிய வரலாற்றை நாம் அறிவோம். தீர்க்கதரிசியையே மயக்கிய கண், கடையில் மெருகும் சிப்பியும் மின்ன நிற்கும் கருவிமுன் நம்மை மயக்குதல் வியப்பன்று. அன்று ஆடு மேய்க்கும் இடத்தினின்று அழைத்துவரப்பெற்ற இளையவனே பின்னர்ச் சவுலின் முன் சுரமண்டலம் வாசித்தான்.

தடையும் விடையும்

"அங்ஙனமாயின் எல்லாக் கிதாரும் ஒன்றேயோ? மலிவானதே போதுமோ?" என ஒருவர் வினவலாம். அன்று. மேற்கூறிய சோதனைகள் எதனை நிறுவின, எதனை நிறுவவில்லை என்பதனைப் பிரித்தறிதல் வேண்டும். லாங்காஸ்டர் சோதனையின் ஆறு கிதார்களும் ஒரே திறமுடைய கையாற் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றும் மலிவான கருவி அன்று. வயலின் சோதனையின் புதுக்கருவிகளும் நல்ல தச்சர் செய்தனவே. ஆதலின் அவை நிறுவியது, மரத்தின் அருமையும் பெயரின் பழமையும் செவிக்குத் தெரிவதில்லை என்பதே. கையின் திறமும் செவிக்குத் தெரியாது என்று அவை கூறவில்லை. மரவிலையும் பெயர்விலையும் ஒலியினின்று கழிந்தன, கைவிலை நிற்கின்றது.

கைவிலையின் பயன் யாது? மரம் இரும்பன்று, ஒரே மரத்தினின்று அறுத்த இரு பலகைகளும் கனத்திலும் விறைப்பிலும் ஒத்திரா. தேர்ந்த தச்சன் ஒவ்வொரு பலகையையும் வளைத்தும் தட்டியும் நோக்கி, அதற்கு ஏற்ற அளவிற்குச் சீவுகின்றான். சட்டங்களையும் அவ்வாறே செதுக்குகின்றான். ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலையோ எல்லாப் பலகைகளையும் ஒரே கனத்திற் சீவுகின்றது. அவற்றுள் மெலிந்ததும் உடையாதிருத்தற்பொருட்டு அக்கனத்தைச் சற்று மிகுத்தே வைக்கின்றது. அதனால் மலிவான கிதாரின் ஒலி பெரும்பாலும் சிறிது அடங்கியே நிற்கும். மெல்ல மீட்டியபோது உடன் எழுதலும், வன்மையாக மீட்டியபோது கலங்காது பெருகுதலும், ஆறு தந்தியும் ஒத்த வலியுடன் ஒலித்தலும் ஆகிய பண்புகளில் கைத்திறம் மிக்க கருவி மேம்படும். இதனை மறுத்தல் உண்மையை மறுத்தலாம்.

மேலும் ஒன்று. மிக மலிவான கிதார்களின் மேற்பலகை ஒட்டுப்பலகையால் ஆயது. மெல்லிய தகடுகளை இழை குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கப் பசையிட்டு ஒட்டுவது அது. ஸ்புரூஸ் போன்ற மரம் இழையின் நீளத்திற் பெரும் விறைப்பும், அகலத்தில் நெகிழ்வும், நிறையிற் குறைவும் உடையது. மேற்பலகைக்கு அம்மரத்தைத் தேர்தற்குக் காரணமே இது. ஒட்டுப்பலகையில் அவ்வியல்பு குன்றும். ஆதலின் முழுமர மேற்பலகை உடைய கருவி, பிற ஒத்தவிடத்து, மிக்க உயிர்ப்புடன் ஒலிக்கும்.

இதற்கு விடையாக, காலம் ஒரு பெரும் மாறுதலைச் செய்துள்ளது. முன்னர் முழுமர மேற்பலகை விலைமிக்க கருவிகளுக்கே உரியதாயிருந்தது. இன்றோ எளிய விலைக் கிதார்களிலும் அது வந்துவிட்டது. யமஹா நிறுவனம் 2016-இல் வெளியிட்ட எஃப்.ஜி. 800 என்பது அவ்வகையது. மேற்பலகை முழுமர ஸ்புரூஸ், உட்சட்டம் திருந்திய அமைப்பு, முதுகும் பக்கமும் எளிய மரம். தோரஸ் காகித அட்டையாற் காட்டிய உண்மையை இன்றைய ஆலை வணிக முறையாக்கிற்று என்னலாம்: பொருளை மேற்பலகையில் இடுக, முதுகில் சிக்கனம் செய்க. அன்றியும், கலிபோர்னியாவின் டெய்லர் நிறுவனம் முதலாயினோர் 1990-ஐ ஒட்டிய காலத்தில் கணிப்பொறி ஆளும் கடைசற்பொறிகளைக் கிதார்த் தொழிலிற் புகுத்தினர். தண்டியின் வடிவும் மெட்டுக்களின் இடமும் மயிரிழை பிறழாது அமைதல் அதனால் எளிதாயிற்று. அத்தகைய பொறிகள் இன்று எளிய விலைக் கருவிகளையும் செய்கின்றன. ஆகவே கைவிலையின் ஒரு பெரும்பகுதியும் இன்று மலிவாய்விட்டது.

திருத்தத்தின் சிறப்பு

கைவிலையில் பிறிதொரு பகுதி உளது. அதுவே எம் கருத்திற்கு மிக இன்றியமையாதது. கடையினின்று வந்த கிதாரை மீட்டுதற்கு ஏற்றவாறு திருத்துதலே அது. மலிவான கிதார்மேல் கூறப்படும் குறைகளுட் பல, மரத்தின் குறையல்ல, திருத்தாமையின் குறையே.

சான்றாக, மேருவின் பள்ளங்கள் போதிய ஆழமின்றி இருக்குமாயின் தந்தி முதல் மெட்டின்மேல் உயர்ந்து நிற்கும். அதனை அழுத்துங்கால் தந்தி இயல்பினும் மிகுதியாக இழுபடும்; இழுபட்ட தந்தியின் சுருதி ஏறும். வெறுந்தந்தியிற் சுருதி சேர்த்த கருவி, விரல் வைத்தவுடன் பிறழ்ந்து ஒலிப்பது இதனாலேயே. மீட்டுவோன் பிருடையை மீண்டும் மீண்டும் முறுக்கி வருந்துவான். தன் செவியையோ கருவியின் விலையையோ பழிப்பான். உண்மையில் வேண்டுவது, அறிந்தான் ஒருவன் சிறு அரத்தால் அப்பள்ளங்களை ஆழப்படுத்துதலே. அது சிறிது நேரத் தொழில். கருவியின் விலையில் சிறு பகுதியே அதற்குச் செலவாகும்.

தந்தி தண்டியினின்று மிக உயர்ந்திருப்பின், பயிலும் சிறுவனின் விரல் புண்படும். பலர் பயிற்சியையே கைவிடுவர். தண்டியினுள் உள்ள எஃகுக் கம்பியைத் திருகி வளைவைச் சரிசெய்தலும், குதிரைமேலுள்ள துண்டைத் தேய்த்துத் தந்தியைத் தாழ்த்தலும் இதற்கு மருந்து. பன்னிரண்டாம் மெட்டின்மேல் தடித்த தந்தி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டரும், மெல்லிய தந்தி இரண்டு மில்லிமீட்டரும் உயர்ந்திருத்தல் பொதுவாக இனிது. துருவேறிய பழந்தந்தியை நீக்கிப் புதுத்தந்தி கட்டுதலும் ஒலியை வியக்கத்தக்கவாறு உயிர்ப்பிக்கும். திருத்திய எளிய கருவி, திருத்தாத விலைமிக்க கருவியினும் இனிதாய் அமைதல் கூடும் என்று துணிந்து கூறலாம்.

வாங்குவோர்க்குச் சில குறிப்புக்கள்

எளிய விலையில் கிதார் வாங்குவோர் பின்வருவனவற்றை ஆராய்க.

முதலாவது, குடத்தின் வாய்விளிம்பை உற்று நோக்குக. மேற்பரப்பின் இழைக்கோடுகள் விளிம்பினூடே கீழும் தொடர்ந்து செல்லுமாயின் முழுமரம். அடுக்கடுக்காகத் தோன்றுமாயின் ஒட்டுப்பலகை.

இரண்டாவது, ஒரு தந்தியை மூன்றாம் மெட்டின் பின்னே அழுத்தி, முதல் மெட்டின்மேல் உள்ள இடைவெளியைக் காண்க. மயிரிழை அளவே இருப்பின் மேரு நன்று. மிகுந்திருப்பின் திருத்தம் வேண்டும்.

மூன்றாவது, பன்னிரண்டாம் மெட்டிற்கு நேரே தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டி எழும் ஒலியையும், அவ்விடத்தையே அழுத்தி மீட்டி எழும் ஒலியையும் ஒப்பிடுக. இரண்டும் ஒத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் மேல்மெட்டுக்களிற் சுருதி பிறழும்.

நான்காவது, ஆறு தந்தியிலும் மெட்டுத்தோறும் விரல்வைத்து மீட்டுக. எங்கேனும் இரைச்சல் எழுமாயின் அம்மெட்டு ஒப்புரவாக இல்லை என்று அறிக.

ஐந்தாவது, இயலுமாயின் நண்பன் ஒருவனைக் கருவிகளை மீட்டுமாறு ஏவி, தாம் முதுகுகாட்டி நின்று கேட்க. எது எவ்விலை என்று அறியாது செவி தேர்ந்ததே தமக்கு உரிய கருவி.

எளிமையின் தனிச்சிறப்பும் குறையும்

எளிய கிதார் ஒருவகையில் மேம்படுதலும் உண்டு. மரம் காற்றின் ஈரத்தை உண்டு விரியும், வறட்சியிற் சுருங்கும். முழுமரத்தாலாய கிதார்களுக்குக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் ஏற்றது என்பர். நம் கடற்கரை ஊர்களிலோ அது பெரும்பாலும் இவ்வளவின் மிகும். விலைமிக்க கருவியைப் பெட்டியில் வைத்து ஈரம் அளந்து பேணாவிடின், மேற்பலகை புடைத்துத் தந்தி உயரும். இழைகளைக் குறுக்கிட்டு ஒட்டிய பலகை அத்துணை விரிவதில்லை. மழையிலும் வெயிலிலும் ஊர்தோறும் சென்று பாடுவார்க்கு அஃது ஒரு நன்மையே.

குறையையும் மறையாது கூறுவோம். ஆண்டுகள் பல சென்றபின் தந்தியின் இழுப்பால் தண்டியின் கோணம் மாறும். அப்போது தண்டியைக் கழற்றி மீண்டும் பொருத்தல் வேண்டும். நல்ல கருவிகள் அதற்கு இடங்கொடுக்குமாறு அமைக்கப்படும். செலவும் அக்கருவிக்குத் தகும். மலிவான கருவிக்கோ அச்செலவு அதன் விலையினும் மிகுதலால், பெரும்பாலும் அது கைவிடப்படும். ஆதலின் வாழ்நாள் முழுதும் இசையையே தொழிலாகக் கொள்வான், பொருள் உளதாயின், உயர்ந்த கருவி வாங்குதல் வீண் செலவன்று.

வரலாறு கூறுவது

இசை வரலாறும் எம் கருத்திற்குத் துணை நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெர்சி நகரிலிருந்த ஆஸ்கார் ஷ்மித் நிறுவனம், ஸ்டெல்லா என்னும் பெயரால் மிக மலிவான கிதார்களைச் செய்து விற்றது. வடக்குக் கரோலினாவில் பிறந்த எலிசபெத் காட்டன் என்னும் கறுப்பினச் சிறுமி, வீட்டுவேலை செய்து ஈட்டிய சிறு ஊதியத்தைச் சேர்த்து, மூன்றே முக்கால் டாலருக்கு ஒரு ஸ்டெல்லாவை வாங்கினாள் என்பர். இடக்கையாளாகிய அவள், வலக்கையாளர்க்கெனச் செய்த அதனைத் தலைகீழாகப் பற்றித் தானே ஒரு மீட்டுமுறையைக் கண்டாள். பின்னர் அம்முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1985-இல் கிராமி விருதும் அவரை வந்தடைந்தது. பிற்காலத்தில் மேலான கருவிகள் அவர் கைக்கு வந்தன. ஆயினும் மீட்டுமுறை பிறந்தது மூன்றே முக்கால் டாலர்க் கருவியில் அன்றோ!

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படுவன இவை. அரிய மரமும் அணியும் பெயரும் விலையை உயர்த்துமளவு ஒலியை உயர்த்தா. ஒலியை உயர்த்துவன முழுமர மேற்பலகையும், அளவறிந்த சட்டமும், செவ்விய திருத்தமும் ஆம். இவற்றுள் முதலிரண்டும் இன்று எளிய விலையிலும் பெரும்பாலும் கிடைக்கின்றன. மூன்றாவதனைச் சிறு பொருளாற் பெறலாம். ஆதலின் தேர்ந்தெடுத்துத் திருத்திய எளிய கிதார், பாடலுக்குத் துணை செய்தல், பயிலுதல், சபையில் இசைத்தல் ஆகிய தொழில்களில் விலைமிக்கதனோடு ஒருங்கு நிற்கும் தகுதியுடையது. நுண்ணிய உயிர்ப்பிலும் நீடித்த உழைப்பிலும் உயர்ந்த கருவி முந்தும். ஆனால் பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு இனிமை என்பது ஒருபோதும் இல்லை.

எனவே, கைப்பொருள் சுருங்கிய மாணவர் அதுபற்றி நாணி ஒதுங்குதல் வேண்டா. கருவிக்குச் செலவிட எண்ணிய பொருளில் ஒரு பகுதியைத் திருத்தத்திற்கும் புதுத்தந்திக்கும் ஒதுக்குக. எஞ்சியதை ஆசிரியர்க்கு அளிக்க. பொருள் படைத்தோர், அரிய மரம் வேண்டும் என்று கேட்குமுன் அம்மரம் நின்ற காட்டையும் நினைக்க. தேவாலயத்தில் காணிக்கையிட்ட ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைப் பெரிதென்று மதித்த ஆண்டவர் திருமுன், எளிய கருவியில் எழும் துதியும் குறைவுபடாது. கருவி எதுவாயினும், நாள்தோறும் பயின்று, சுருதி பிறழாது மீட்ட முயல்வோமாக.